நிலக்கணக்கு, உலையறிக்கை, அச்சு நூல்: பாலாற்றங்கரையை முன்வைத்து இரும்புத் தொழிற்குடி வரலாற்றெழுதியல் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

தமிழகத்து இரும்புத் தொழிற்குடியினரின் வரலாறு மூவகை ஆவணங்களைக் கொண்டு எழுதப்பட்டு வருகிறது. அவை ஊர் நிலக்கணக்குகள், ஆங்கிலேய அலுவலர் எழுதிய தொழில் அறிக்கைகள், தொழிற்குடியினரே வெளியிட்ட அச்சு நூல்கள் ஆகியன. நிலக்கணக்கில் கொல்லர் விளைச்சலில் பங்கு பெறுபவர். தொழில் அறிக்கையில் பெயரற்ற கைத்திறன். அச்சு நூலில் தொன்மை வாய்ந்த குலத்தவர். மூன்றில் ஒன்றை மட்டும் சான்றாகக் கொள்ளும் ஆய்வு அவ்வாவணம் எழுதப்பட்ட நோக்கத்தையே தன் முடிவாகக் கொள்ள நேர்கிறது. பழையசீவரம், உத்திரமேரூர் வட்டாரத்தை முன்வைத்து இச்சிக்கலை ஆராய்கிறது இக்கட்டுரை. இரும்பை உருக்கியவரையும் உருக்கிய இரும்பை அடித்தவரையும் வேறுபடுத்திப் பார்ப்பதே மூவகை ஆவணங்களையும் இணைத்து வாசிக்கும் வழி என்பது இதன் முடிவு.

திறவுச்சொற்கள்: கொல்லர், கம்மாளர், இரும்புலை, மானியம், செங்கற்பட்டு ஜாகிர், சித்தூர் அதாலத்து, தரம்பால்.

முன்னுரை

பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்றும் கூடுமிடத்தில் ஆற்றின் ஒருபுறம் பழையசீவரமும் எதிர்ப்புறம் திருமுக்கூடலும் உள்ளன. திருமுக்கூடல் கோயிலிலுள்ள வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு (11ஆம் நூற்றாண்டு) 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலையைப் பற்றிப் பேசுவதால் புகழ்பெற்றது. மருத்துவர், அறுவை செய்வோர், பணியாளர் முதலியோருக்கு நெல்லாகவும் காசாகவும் அளிக்கப்பட்ட ஊதியத்தை அது வரிசைப்படுத்துகிறது. தெற்கே உத்திரமேரூரில் முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரி, தோட்டம், பொன் ஆகியவற்றுக்கான வாரியங்களை வகுக்கின்றன. கைத்திறனுக்கும் பொறுப்புக்கும் ஊர் விளைச்சலிலிருந்து பங்கு வகுப்பதும், அதனைக் கல்லில் எழுதி வைப்பதும் இவ்வட்டாரத்தின் நெடிய மரபு.

இரும்பும் இங்குப் பழமையானது. செங்கற்பட்டுப் பகுதியிலுள்ள பெரும்பேர், சாணூர், குன்னத்தூர் முதலிய பெருங்கற்கால ஈமக்களங்களில் இரும்புக் கருவிகள் கிடைத்துள்ளன. மயிலாடும்பாறையில் கிடைத்த சான்றுக்கு கி.மு. 2172 என்றும், சிவகளைச் சான்றுக்கு கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டு வரையும் காலக்கணிப்புகள் அறிவிக்கப்பட்டபின் இரும்பின் தொன்மை பொதுவெளியிலும் பேசுபொருளாயிற்று. தொன்மையைப் பற்றிய பேச்சு பெருகிய அளவுக்கு, இரும்பை ஆக்கியவர் எந்நிலத்தில் எவ்வுரிமையோடு வாழ்ந்தனர் என்ற வினா பெருகவில்லை. அவ்வினாவுக்கு விடை தேடப் பயன்படும் ஆவணங்களின் தன்மையை முதலில் மதிப்பிட வேண்டும்.

1. நிலக்கணக்கில் கொல்லர்

சோழர் கால வரிவிலக்குப் பட்டியல்களில் தொழிற்குடியினரின் இருப்பிடம் தனியே குறிக்கப்படுகிறது. முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகள் ஊர்நத்தம், கோயில், குளம், ஊடறுத்துப் போகும் வாய்க்கால், பறைச்சேரி, கம்மாணசேரி, சுடுகாடு ஆகியவற்றை வரி செலுத்தா நிலமாக நீக்கிய பின்பே ஊரின் நிலவரியைக் கணக்கிடுகின்றன. இவ்விலக்கைச் சலுகையாக வாசிப்போர் உண்டு. பட்டியலின் அமைப்பு வேறொன்றையும் காட்டுகிறது. கம்மாணசேரி விளைநிலத்தினின்று பிரித்து எண்ணப்படும் இடம். அங்கு வாழ்வோர் ஊருக்கு இன்றியமையாதவர்; எனினும் ஊர்நத்தத்தில் சேர்க்கப்படாமல் வேறோர் உறுப்பாக எண்ணப்பட்டவர்.

இதே அமைப்பு 18ஆம் நூற்றாண்டிலும் தொடர்கிறது. 1763இல் ஆர்க்காட்டு நவாபு கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அளித்த செங்கற்பட்டு ஜாகிரில் தாமஸ் பார்னார்டு 1767 முதல் 1774 வரை ஏறத்தாழ 2000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். அவ்வூர்களின் ஓலைக் கணக்குகளிலிருந்து திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய இரண்டுக்கும் உரியவை சென்னையிலுள்ள கொள்கை ஆய்வு மையத்தின் முயற்சியால் 2001இல் நூலாயின. அரசுக்கும் உழுவோருக்கும் விளைச்சலைப் பிரிப்பதற்கு முன்பே கோயில், கணக்கர், காவல், தச்சர், கொல்லர், வண்ணார் முதலியோர்க்குரிய பங்குகள் கழிக்கப்பட்டதையும், பலருக்கு மானிய நிலம் இருந்ததையும் இக்கணக்குகள் விளக்குகின்றன. இப்பதிப்பின் பெருமதிப்பு இங்கேயே உள்ளது. அரசின் பேரேட்டில் ஒற்றைத் தொகையாகத் தோன்றும் ஊர், உள்ளே எத்தனை கைகளுக்குப் பிரிந்து சென்றது என்பதை அது காட்டுகிறது.

இவற்றிலிருந்து தன்னிறைவு பெற்ற ஊர் என்ற முடிவுக்குச் செல்வோர் ஒன்றைக் கவனிப்பதில்லை. கொல்லருக்குரிய பங்கு கொழு அடித்தல், அரிவாள் தீட்டல், மண்வெட்டி பழுது பார்த்தல் போன்ற பணிக்கானது. அவர் பட்டடையில் அடித்த இரும்பு எவ்வுலையில் உருகியது, எவ்விலைக்கு ஊருக்கு வந்தது என்பதை நெல் பங்கிடும் கணக்கு சொல்லாது. சொல்ல வேண்டிய தேவையும் அதற்கு இல்லை. ஊர்க்கணக்கர் எழுதியது நெல்லின் வழியை. இரும்பின் வழியை அன்று. எனவே ஊரின் தன்னிறைவுக்கு இக்கணக்கைச் சான்று காட்டும்போது, இரும்பைப் பொறுத்தவரை அச்சான்று வாய்மூடி நிற்கிறது.

2. தொழில் அறிக்கையில் உலை

இரும்பின் வழியைச் சொல்பவை அலுவலரும் பயணியரும் எழுதிய குறிப்புகள். 1800 ஏப்ரலில் சென்னையிலிருந்து புறப்பட்ட பிரான்சிஸ் புகானன் காஞ்சிபுரம் வழியாக மேற்கே சென்றார். 1807இல் வெளிவந்த அவருடைய பயணநூல் இரும்புலைகளை விரிவாக எழுதுவது மைசூர்ப் பகுதியை அடைந்த பின்னரே. அங்குக் கரி சுடுவோர், கருமணல் திரட்டுவோர், உலை நடத்துவோர், சம்மட்டி அடிப்போர் எனத் தொழில் பிரிந்திருந்தது. கிடைத்த இரும்பு முதலாளிக்கும் தொழிலாளருக்கும் பங்கிடப்பட்டது. ஊர்க்கொல்லர் நெல்லில் பங்கு பெற்றார். உலைத் தொழிலாளர் இரும்பில் பங்கு பெற்றனர். இவை இருவேறு பொருளியல் உறவுகள். இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பது குழப்பத்துக்கு இடம் தரும்.

இத்தகைய அறிக்கைகளைத் திரட்டி இந்திய ஆய்வுலகின் பார்வைக்குக் கொணர்ந்தவர் தரம்பால். 18ஆம் நூற்றாண்டு இந்திய அறிவியல், தொழில்நுட்பம் பற்றி 1971இல் அவர் பதிப்பித்த தொகுப்பில், ரமணக்கப்பேட்டை உலைகள் குறித்த பெஞ்சமின் ஹைனின் குறிப்பும் தென்னிந்தியப் பட்டை இரும்பு குறித்த கேப்டன் கேம்பெல்லின் அறிக்கையும் இடம்பெற்றுள்ளன. களிமண் உலை, ஆட்டுத்தோல் துருத்தி, மரக்கரி ஆகியவற்றோடு நடந்த தொழில் அறியாமையின் எச்சம் அன்று, தேர்ந்த அறிவின் விளைவு என்பதை மேலையர் எழுத்தைக் கொண்டே நிறுவியது அத்தொகுப்பு. அதற்கு முன் நிலவிய இகழ்ச்சியை நோக்க, இது பெரும்பணி.

ஆயினும் அதன் முன்னுரையில் உள்ள ஒரு கணிப்பு மறுவாசிப்புக்கு உரியது. ஆண்டுக்கு 35 முதல் 40 வாரம் இயங்கும் ஓர் உலை 20 டன் இரும்பு தரக்கூடும் என்றும், 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியா முழுவதும் 10,000 உலைகள் வரை இருந்திருக்கலாம் என்றும் தரம்பால் எழுதினார். ‘கூடும்’, ‘இருக்கலாம்’ என்ற அவருடைய எச்சரிக்கையை விட்டுவிட்டு, இரண்டு எண்களையும் பெருக்கி 2,00,000 டன் என உறுதியாகக் கூறுவோர் பின்னர்ப் பெருகினர். பெருக்கற்கணக்கு மூன்று கேள்விகளை மறைக்கிறது. மழைக்காலத்திலும் அறுவடைக் காலத்திலும் உலையாட்கள் எங்கிருந்தனர்? இவ்வளவு உலைகளுக்கும் கரி எக்காட்டிலிருந்து வந்தது? பஞ்ச காலத்தில் உலைகள் என்னவாயின? மூன்றாவது கேள்விக்கு அத்தொகுப்பிலேயே குறிப்பு உண்டு. பஞ்சத்துக்கு முன் ரமணக்கப்பேட்டையில் உலைகள் மிகுதியாக இருந்தன என்று கேட்டறிந்ததை ஹைன் எழுதியுள்ளார். உலையின் எண்ணிக்கை நிலையானதன்று. விளைச்சலோடும் உயிரிழப்போடும் ஏறி இறங்குவது.

இந்த அறிக்கைகளின் இன்னொரு குறையும் அவற்றின் நோக்கத்திலிருந்து எழுந்ததே. தாது எவ்வளவு, கரி எவ்வளவு, இரும்பு எவ்வளவு என்று அவை கேட்டன. ஏனெனில் அத்தொழிலை மேம்படுத்துவது அல்லது மாற்றீடு செய்வது கம்பெனியின் அக்கறை. உலையருகே நின்றவரின் கையசைவு வரை எழுதப்பட்டது. அவருடைய பெயர் எழுதப்படவில்லை.

3. அச்சில் குலம்

பெயரை எழுதியது அச்சு. கம்மாளர் தம் திருமணச் சடங்கைத் தம் குலத்துப் புரோகிதரைக் கொண்டே நடத்தலாமா என்ற வழக்கில், சித்தூர் மாவட்ட நீதிமன்றம் 1818இல் அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. மார்க்கசகாய ஆசாரியின் பெயரோடு வழங்கும் அவ்வழக்கு, ‘சித்தூர் அதாலத்து’ தீர்ப்பு என்ற பெயரில் தமிழில் அச்சேறிப் பலமுறை மறுபதிப்புப் பெற்றது. இந்தியர் அச்சகம் நடத்துவதற்கு இருந்த தடைகள் 1835ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கியபின் தமிழில் பெருகிய குல நூல்களின் வரிசையில் இதற்குத் தனியிடம் உண்டு. பிறர் தம்மைப் பற்றி எழுதியதை மறுத்துத் தாமே எழுதவும் வெளியிடவும் தொழிற்குடியினர் முனைந்ததன் அடையாளம் இது.

உரிமையை எழுத்தில் நிலைநிறுத்தும் முயற்சிக்கு முன்மரபும் உண்டு. இரட்டைச் சங்கு ஊதவும், பேரிகை கொட்டவும், வெளியே செல்கையில் செருப்பணியவும், வீட்டுக்குச் சாந்திடவும் கொங்குநாட்டுக் கம்மாளருக்கு அரசன் அளித்த உரிமைகளைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. கல்லில் அரசாணையாக நின்றது, 19ஆம் நூற்றாண்டில் நீதிமன்றத் தீர்ப்பாகத் தாளில் ஏறிற்று. இரண்டிலும் கோரப்பட்டது மதிப்பு, நிலமன்று.

இங்கு ஒரு காலப்பொருத்தம் கருதத்தக்கது. செங்கற்பட்டு வட்டாரத்து மிராசு உரிமை பற்றி எப்.டபிள்யூ. எல்லிஸ் எழுதிய விடைகள் அச்சேறியதும் அதே 1818இல்தான். காணியாட்சி யாருக்குரியது என்பதை விளக்கும் அந்நூலில், தொழிற்குடியினர் மானியமும் பங்கும் பெறும் ஊர்ப்பணியாளராகவே அமைகின்றனர். நிலவுரிமையைப் பேசிய அச்சும் சடங்குரிமையைப் பேசிய அச்சும் ஒன்றையொன்று தொடவில்லை. சடங்கில் சமநிலை கோரிய குல நூல்கள் காணியில் பங்கு கோரவில்லை என்பது அவற்றை வாசிப்போர் எளிதில் கடந்துபோகும் மௌனம்.

மற்றொரு மௌனமும் உண்டு. தட்டார், கன்னார், தச்சர், கல்தச்சர், கொல்லர் என்னும் ஐந்தொழிலாளரும் ஒரே குலம் என்று கூறும் நூல்களில் இரும்பை உருக்கியவர் இடம்பெறுவதில்லை. பல இடங்களில் உருக்குத் தொழிலைச் செய்தவர் கம்மாளரல்லாத பிற சாதியார் என்பது 19ஆம் நூற்றாண்டுக் குறிப்புகளால் தெரிகிறது. தாது சுமந்தவர், கரி சுட்டவர், துருத்தி மிதித்தவர் ஆகியோர்க்கு அச்சில் குரல் வாய்க்கவில்லை. அச்சு நூல்களை ‘இரும்புத் தொழிற்குடியின் குரல்’ என்று பொதுமைப்படுத்தும் ஆய்வு, பட்டடைக்கும் உலைக்கும் இடையிலிருந்த சாதி எல்லையை அறியாமலே அழித்துவிடுகிறது.

4. மூன்றும் சந்திக்கும் இடம்: கரி

மூவகை ஆவணங்களையும் ஒருங்கே வாசிக்க வேண்டுமாயின் மூன்றுக்கும் பொதுவான ஒரு பொருள் தேவை. மரக்கரி அத்தகையது. பட்டடையில் இரும்பைக் காய்ச்சச் சிறிதளவு கரி போதும். உலையில் தாதுவை உருக்கப் பெருமளவு கரி வேண்டும். ஆகவே ஊர்க்கொல்லரின் ‘நிலம்’ விளைவயலின் பங்கு. உருக்குபவரின் ‘நிலம்’ காடு. முன்னது கணக்கில் எழுதப்பட்டது. பின்னது பெரும்பாலும் வழக்காற்று உரிமையாக மட்டுமே நின்றது.

எழுதப்படாத உரிமை முதலில் பறிபோயிற்று. 1830இல் ஜோசையா மார்ஷல் ஹீத் பரங்கிப்பேட்டையில் தொடங்கிய இரும்பாலை, சேலம் வட்டாரத் தாதுவையும் மரக்கரியையும் நம்பியது. ஐரோப்பிய முறையில் இரும்பு செய்யும் தனியுரிமையும் கம்பெனியின் கடனுதவியும் கிடைத்தும் அது நிலைக்கவில்லை. 1853இல் அமைந்த கிழக்கிந்திய இரும்புக் கம்பெனியாலும் அதனைக் காக்க இயலவில்லை. பின்னர் 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச்சட்டம் காட்டின்மீது அரசின் கட்டுப்பாட்டை உறுதியாக்கியது. ஒருபுறம் இறக்குமதி இரும்பின் மலிவு, மறுபுறம் கரியின் அருமை என்னும் இரண்டுக்கும் இடையே சிற்றுலைகள் அணைந்தன.

ஊர்க்கொல்லரின் நிலை வேறு. மேலைநாட்டுப் பட்டை இரும்பையும் பழைய இரும்பையும் வாங்கி அடிக்க அவரால் இயன்றது. உலை அணைந்த பின்னும் பட்டடை இருந்தது. அறுவடைக் களத்தில் நெல் வாங்கும் வழக்கம் பல ஊர்களில் 20ஆம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. ‘இரும்புத் தொழில் அழிந்தது’ என்ற ஒற்றைக் கூற்று, அழிந்தவரையும் எஞ்சியவரையும் ஒன்றாக்கிவிடுகிறது. அழிந்தவர் எழுத்தில் இடம் பெறாதவர். எஞ்சியவர் ஊர்க்கணக்கிலும் அச்சு நூலிலும் இடம் பெற்றவர்.

முடிவுரை

நிலக்கணக்கை மட்டும் நம்பினால் இணக்கம் நிறைந்த ஊரும், உலையறிக்கையை மட்டும் நம்பினால் இழந்த பொற்காலமும், அச்சு நூலை மட்டும் நம்பினால் குலப்பெருமையும் வரலாறாகின்றன. மூன்றிலும் ஓரளவு உண்மை உண்டு. எந்த ஒன்றிலும் உருக்கியவரின் உரிமை பற்றிய கேள்வி எழுவதில்லை.

பாலாற்றங்கரை வட்டாரத்தில் அக்கேள்வியைக் கேட்பதற்கு வேண்டிய வழிகள் உள்ளன. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலுள்ள செங்கற்பட்டு ஓலைக் கணக்குகளில் கொல்லர் பங்கோடு காடு, புறம்போக்கு பற்றிய பதிவுகளையும் ஊர்வாரியாகத் தொகுக்கலாம். இரும்புச் சிட்டம் கிடைக்கும் இடங்களை அக்கணக்குகளின் ஊர்ப்பெயர்களோடு ஒப்பிட்டால், உருக்கிய ஊர் எது, அடித்த ஊர் எது என்பது தெளிவாகும். குல நூல்களின் பதிப்புகளை ஒப்பிட்டு அவற்றுக்குப் பொருளுதவி செய்தோர் யார், அவர்கள் ஐந்தொழிலில் எதனைச் சேர்ந்தோர் என அறியலாம்.

இரும்பின் காலத்தைப் பின்னோக்கி நகர்த்தும் ஒவ்வோர் அறிவிப்பும், அதனை உருக்கியவரைப் பற்றிய அறியாமையின் காலத்தையும் நீட்டுகிறது. தொன்மைக்குக் காட்டும் ஆர்வத்தைத் தொழிலாளரின் உரிமை வரலாற்றுக்கும் காட்டும்போதே இத்துறை நிறைவு பெறும்.