மாணவனின் அளவுகோல்

மருத்துவம், பொறியியல், முகாமைத்துவம் ஆகிய துறைகளின் ஆய்வுகள் பொருளால் வேறுபட்டவை. ஆயின் மருந்தின் பயன், சீமெந்துக் கலவையின் வலிமை, விளம்பரத்தின் விளைவு ஆகிய மூன்றும் பெரும்பாலும் ஒரே புள்ளிவிபரச் சோதனையாலேயே அளக்கப்படுகின்றன. அச்சோதனை பிறந்த இடம் பல்கலைக்கழகமன்று. டப்ளின் நகரின் கின்னஸ் பியர்த் தொழிற்சாலை.

1899இல் அங்கு பணியேற்ற வில்லியம் கொசெற், பார்லி முதலியவற்றின் தரத்தைச் சில மாதிரிகளை மட்டுங்கொண்டு துணியவேண்டியிருந்தது. அந்நாளைய முறைகளோ பெருந்தொகை மாதிரிகளை வேண்டின. அவர் கண்ட தீர்வு 1908இல் 'பயோமெற்றிக்கா' இதழில் வெளியாயிற்று. ஊழியர் தம் பெயரில் ஆய்வு வெளியிடுவதை நிறுவனம் விரும்பாமையால், 'ஸ்ரூடன்ற்', அதாவது மாணவன், என்ற புனைபெயரே இடப்பட்டது. (பேராசிரியர் பலரும் இன்று ஒரு 'மாணவனின்' அளவுகோலுக்குக் கட்டுண்டிருப்பது சுவையான முரண்.)

கொசெற் தேடியது, வேறுபாடு எவ்வளவு, அதனாற் பெறும் ஆதாயம் எவ்வளவு என்பதற்கான விடை. 1925இல் பிஷரின் நூல் வெளிவந்தபின் நூற்றுக்கு ஐந்து என்ற எல்லை வழக்கில் வேரூன்றியது. உண்மையில் வேறுபாடே இல்லாதபோது தற்செயலாக இத்தகைய விளைவு தோன்றும் வாய்ப்பு அவ்வெல்லைக்குக் குறைந்தால், முடிவு 'பொருளுடையது' எனப்படும். பொருளுடைமை வேறு, பயனுடைமை வேறு. பல்லாயிரம் நோயாளரிடம் சோதித்தால், இரத்த அழுத்தத்தை ஓரலகு மட்டுமே குறைக்கும் மருந்தும் இவ்வெல்லையைத் தாண்டிவிடும். நோயாளி அடையும் நன்மை யாது என்பதற்கு அவ்வெண்ணில் விடையில்லை. 2016இல் அமெரிக்கப் புள்ளிவிபரவியற் சங்கமே இதனை எச்சரித்தது. எனினும் மூன்று பீடங்களிலும் ஆய்வேடுகள் பல, எல்லையைத் தாண்டியதும் வினாவை முடித்துக்கொள்கின்றன. ஆதாயமும் செலவும் கூறாத அத்தகைய முடிவுரையொன்றைக் கொசெற் தம் முகாமையாளரிடம் கொண்டுசென்றிருக்க முடியாது.