மின்சார உவமையும் கணினித் தலைவரும்

தகவல் தொழில்நுட்பம் ஒரு பொருட்டன்று என்னும் கருத்தைத் தலைப்பிலேயே ஏற்றி, 2003 மே மாதத்து ‘ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூ’ இதழில் நிக்கலஸ் கார் என்பார் எழுதிய கட்டுரை, கணினித் துறையினரிடையே பெரும் வாதத்தைக் கிளப்பியது. இன்றும் அது படிக்கத் தக்கதே. ஆயின் அதன் உவமையை அப்படியே ஏற்பதற்கில்லை.

இருப்புப்பாதையும் மின்சாரமும் சிலர்க்கே வாய்த்திருந்த காலத்தில் அவர்க்கு ஏற்றம் தந்தன. எல்லார்க்கும் கிட்டியபின் எவர்க்கும் தனிச்சிறப்புத் தரவில்லை. கணினியும் அத்தகையதே, ஆதலின் செலவைக் குறைத்துக்கொள்க, முந்தாது பின்செல்க, வாய்ப்பினும் இடரையே மிகுதியாகக் கருதுக என்பது காரின் வாதம். பாதி பலித்தது என்பதில் ஐயமில்லை. இன்று பல நிறுவனங்கள் கணினி ஆற்றலை வாடகைக்கே பெறுகின்றன. பொறிகளைக் காத்துவந்த தலைவர் ஒப்பந்தங்களை ஆள்பவராகிவிட்டார்.

மின்சாரம் எங்கிருந்து வரினும் விளக்கு ஒன்றுபோலவே எரியும். வங்கியின் கணினி நிரலோ அவ்வங்கியின் கணக்கு முறையையும், அது மக்களுக்குத் தந்த வாக்கையும் தன்னுள் கொண்டது. இவ்வேறுபாட்டைக் கார் போதிய அளவு எடைபோடவில்லை.

பிரிட்டனின் டிஎஸ்பி வங்கியைப் பாருங்கள். 2018 ஏப்ரலில் அது தன் கணக்குகளைப் புதிய அமைப்புக்கு மாற்றியபோது, ஏறத்தாழ 19 இலட்சம் பேர் தம் கணக்கைப் பார்க்க இயலாது தவித்தனர். மாற்றும் பணியை ஏற்றிருந்தது சாபிஸ் என்னும் நிறுவனம்; அதுவோ வேறு பல நிறுவனங்களைச் சார்ந்திருந்தது. 2022 டிசம்பரில் வங்கிக்கு 4.86 கோடி பவுண்டுக்கு மேல் அபராதம் விதிக்கப்பட்டது. அதனினும் கருதத்தக்கது அடுத்து வந்தது. 2023 ஏப்ரலில், தலைமைத் தகவல் அதிகாரியாக இருந்த கார்லோஸ் அபார்க்காவுக்குத் தனிப்படவே 81,620 பவுண்டு அபராதம்! சாபிஸின் திறனை அவர் தொடர்ந்து ஆராயச் செய்யவில்லை என்பது குற்றச்சாட்டு. வேலையை வெளியே கொடுக்கலாம், பொறுப்பைக் கொடுக்க இயலாது என்றாயிற்று. மின்சாரம் வாங்குபவர் எவரும் மின்நிலையத்தைச் சோதிக்கவில்லை என்று தண்டிக்கப்படுவதில்லையே!

இடரைக் கருதுக என்ற காரின் அறிவுரை, அவர் இட்ட தலைப்பினும் மெய்யானது. ஆனால் அதனைச் சிக்கனக்காரரின் சிறுபணியாக அவர் எண்ணிவிட்டார். சிங்கப்பூரில் 2023-இல் டிபிஎஸ் வங்கியின் சேவைகள் பன்முறை தடைப்பட்டன. இன்றியமையாதன அல்லாத கணினி மாற்றங்களை ஆறு மாதம் நிறுத்திவைக்குமாறு நாணய ஆணையம் பணித்தது. அவ்வாண்டுக்கான தலைமை நிர்வாகியின் மாறுபடும் ஊதியத்தில் 30 விழுக்காட்டை வங்கியே குறைத்தது. கணினி அறையின் கணக்கு, முதல் நாற்காலிக்கே போய்விட்டது.