குமிழும் கையும்

ஹார்மோனியம் நம் நாட்டில் வாங்கிக் கட்டிக்கொண்ட வசவை வேறு எந்த வாத்தியமும் வாங்கியிராது. 1940-ல் அகில இந்திய வானொலி அதற்குக் கதவைச் சாத்தியது. கதவு சற்றே திறக்க 1971 வரை ஆயிற்று. அதன்மேல் சாட்டிய குற்றம் பொய்யும் அல்ல. ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவே அதில் வழி கிடையாது. நம் சங்கீதமோ பாதி நேரம் அந்த நடுவழியில்தான் குடியிருக்கிறது.

சிந்தஸைஸர் என்ற மின்வாத்தியம் வந்தபோது இந்தக் குறை தீர்ந்திருக்க வேண்டும். அதுவும் கட்டை வாத்தியம்தான். ஆனால் பலவற்றில் இடது ஓரத்தில் ஒரு சிறு சக்கரம் உண்டு. வலது கை கட்டையை அழுத்தும்போது இடது கை அந்தச் சக்கரத்தை உருட்டினால் ஸ்வரம் வளையும், அசையும், அடுத்த ஸ்வரத்தின் மேல் போய் மெல்ல இறங்கும். மேலே வரிசையாகக் குமிழ்கள். ஒன்றை ஒரு பக்கம் திருகினால் ஜலதோஷம் பிடித்தவன் பேசுவதுபோல் நாதம் அடைத்துக்கொள்ளும். மறு பக்கம் திருகினால் திறந்துகொள்ளும். இத்தனை வசதி இருந்தும், இன்று வீட்டிலேயே பதிவு செய்து வெளியிடப்படும் பாட்டுக்கள் பலவற்றில் நான் கேட்பது பழைய ஹார்மோனியத்தைத்தான். பிழை வாத்தியத்தில் இல்லை, அதைக் கம்ப்யூட்டருக்குள் அனுப்புகிற வழியில் இருக்கிறது என்பது என் கட்சி.

வழிகள் இரண்டு. முதலாவது, வாத்தியத்திலிருந்து புறப்படும் ஒலியையே கம்பி வழியாக அனுப்புவது. நடுவில் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்று ஒரு சிறு பெட்டி உட்கார்ந்திருக்கும். அது ஒலியின் அலையை நொடிக்கு 44,100 தடவையோ அதற்கும் மேலோ அளந்து, எண்களாக்கிக் கம்ப்யூட்டரிடம் கொடுக்கும். இரண்டாவது வழிக்கு மிடி என்று பெயர். பல கம்பெனிகள் கூடிச் செய்துகொண்ட ஏற்பாடு, 1983-ல் வந்தது. இதில் ஒலியே போவதில்லை. எந்தக் கட்டை, எப்போது அழுந்தியது, எவ்வளவு பலமாக, எப்போது விட்டது என்ற செய்தி மட்டும் போகும். பலம் என்பது 0 முதல் 127 வரை ஓர் எண். பிறகு அந்தச் செய்தியை எந்த வாத்தியத்திடம் கொடுத்தாலும் அது வாசிக்கும். தப்பு ஸ்வரத்தை மாற்றலாம். தாளத்துக்கு முன்பின்னாக விழுந்ததையெல்லாம் ஒரே அழுத்தில் நேராக நிறுத்தலாம்.

சக்கரத்தின் அசைவும் மிடியில் போகும். அது நியாயமாகச் சொல்ல வேண்டிய விஷயம். ஆனால் பழைய வாத்தியங்கள் பலவற்றில் குமிழைத் திருகுவது மிடிக்குத் தெரியவே தெரியாது. தெரிந்தாலும், திருத்தும் வசதி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கையில் திருத்தாமல் விடுகிறவர் யார்?

மிடி என்பது யந்திரம் எழுதும் ஸ்வரக் குறிப்பு. சுப்பராம தீட்சிதர் 1904-ல் எட்டயபுரத்திலிருந்து 'சங்கீத ஸம்பிரதாய பிரதர்சினி'யை வெளியிட்டபோது கமகங்களுக்கென்றே தனி அடையாளங்கள் போட்டார். அவ்வளவு கவனமான குறிப்பை வைத்துக்கொண்டும், பாடாந்தரம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால்தான் கிருதி உயிரோடு வருகிறது. 128 எண்களிடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பது அதிகம்.

பம்பாயில் சினிமா வாத்தியக்காரராக இருந்த சரண்ஜித் சிங் 1982-ல் பதிவு செய்த இசைத்தட்டை நான் பல தடவை கேட்டிருக்கிறேன். டிஸ்கோ தாளத்தில் பத்து ராகங்கள், ஹெச்.எம்.வி. வெளியீடு. பைரவ், யமன், பூபாளி, மால்கவுன்ஸ் என்று போகிறது. நம்மவர்கள் முறையே மாயாமாளவகௌளை, கல்யாணி, மோகனம், ஹிந்தோளம் என்று வைத்துக்கொள்ளலாம். பூபாளி என்றதும் நம் பூபாளத்தை நினைத்துவிடக் கூடாது, அது வேறு. கருவிகள் மூன்று, மூன்றும் ரோலண்ட் கம்பெனியுடையவை: ஜூபிடர்-8 என்ற சிந்தஸைஸர், டி.ஆர்.-808 என்ற தாளப் பெட்டி, டி.பி.-303 என்ற பேஸ் பெட்டி. கடைசியாகச் சொன்னது, கிதார்காரர் தனியே பயிலும்போது கூட வாசிக்கட்டும் என்று செய்யப்பட்டது. விலைபோகாமல் சில ஆண்டுகளில் நின்றுவிட்டது.

ராக விஸ்தாரம் என்று பார்த்தால் இந்தத் தட்டு மெலிவுதான். பத்து ராகமும் ஒரே நடையில் ஓடுகின்றன. விடியற்காலை லலித்துக்கும் இரவு மால்கவுன்ஸுக்கும் ஒரே 'தும் தும்'. ஆனால் அடியில் ஓடும் அந்தப் பேஸ் குரல் இருக்கிறதே, அது ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்குத் தாண்டவில்லை, வழுக்கிக்கொண்டு போகிறது. போகிற போக்கில் நாதம் அடைக்கிறது, திறக்கிறது. பெட்டியின் குமிழ்மேல் ஒரு கை இருந்திருக்கிறது என்பது கேட்கிறவனுக்குத் தெரிகிறது. ஐந்து வருஷம் கழித்து, 1987-ல், சிகாகோ நகரத்து இளைஞர்கள் இதே பெட்டியின் குமிழ்களைத் திருகி ஒரு புது நடன சங்கீதத்தையே கிளப்பினார்கள். பம்பாய்த் தட்டை அப்போது யாரும் சீந்தவில்லை. 2010-ல் மறுபதிப்பு வந்த பிறகுதான் உலகம் அவரைத் தேடிப் போயிற்று. 2015-ல் அவர் காலமானார்.

இதற்கும் முந்திய கதை ஒன்று அகமதாபாத்தில் இருக்கிறது. அங்குள்ள தேசிய வடிவமைப்புக் கழகத்தில் 1969-ல் டேவிட் டியூடர் என்ற அமெரிக்க இசைக் கலைஞர் ஒரு மூக் சிந்தஸைஸரை நிறுவிக் கொடுத்தார். கீதா சாராபாய் முதலியோர் அதில் வாசித்தார்கள். மூக்குக்கு ஞாபகம் கிடையாது. கம்பிகளை இங்கிருந்து அங்கு செருகி ஒரு நாதத்தை உண்டாக்க வேண்டும். கம்பியை உருவினால் அந்த நாதம் போயிற்று. வாசித்தவர்கள் நல்ல வேளையாக டேப்பில் பிடித்து வைத்தார்கள். பல வருஷம் கழித்து பால் பர்கஸ் என்பவர் அந்த டேப்புகளைக் கண்டெடுத்தார். 1969 முதல் 1972 வரையிலான பதிவுகள் 2023-ல் வெளியாயின. எந்தக் கட்டையை எப்போது அழுத்தினார்கள் என்ற ஜாபிதா மட்டும் மிஞ்சியிருந்தால் இன்று நாம் எதைக் கேட்பது?

வீட்டில் பதிவு செய்வது தமிழருக்குப் புதிதல்ல. 1992-ல் 'ரோஜா' பாட்டுக்கள் வந்தபோது, கோடம்பாக்கத்தில் ஏ. ஆர். ரஹ்மான் தம் வீட்டோடு அமைத்திருந்த பஞ்சதன் ரெக்கார்ட் இன் என்ற இடம் ஊரெல்லாம் பேச்சாக இருந்தது. அன்று ஓர் அறை நிறைய வேண்டியிருந்த சாமான்கள் இன்று ஒரு மேஜைமேல் அடங்கிவிடுகின்றன. அந்த மேஜை அரும்பாவூரிலும் இருக்கிறது.

அரும்பாவூர் பச்சைமலை அடிவாரத்தில், பெரம்பலூர் மாவட்டத்தில் இருக்கிறது. கோயில் தேருக்கும் வாகனத்துக்கும் மரச் சிற்பம் செதுக்கும் ஊர். 2020-ல் அந்தச் சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பகலில் பட்டறையில் வாகை மரம் செதுக்கும் இளைஞர் ஒருவர் இரவில் சிந்தஸைஸர் வாசிக்கிறார் என்று கேட்டுப் போனேன். இரவில்தான் என்றில்லை. "கம்பியில் போகிற சத்தத்துக்கு மைக் வேண்டாம் ஐயா. பக்கத்து வீட்டுக் கொட்டாப்புளி இதில் விழாது" என்றார். பாடுகிறவனுக்கும் வயலின்காரனுக்கும் இல்லாத சௌகரியம் இது.

நான்கு சிறு உருப்படிகள் செய்திருந்தார்: மோகனம், ஹிந்தோளம், ரேவதி, சஹானா. நான்கையும் மிடியாகவே வைத்திருந்தார். முதல் மூன்று சுத்தம், ஆனால் வெறும் சுத்தம். ஹிந்தோளத்தின் ஸ்வரங்கள் ரேஷன் கடை வரிசைபோல் இடைவெளி பிசகாமல் நிற்கின்றன. சஹானாவை அந்த வரிசையில் நிறுத்தவே முடியாது; காந்தாரத்திலிருந்து ரிஷபத்துக்கு வரும் வழிதான் அந்த ராகம். அவரை நேரில் வாசிக்கச் சொன்னேன். சக்கரம் ஒரு மயிரிழை தாமதமாகத் திரும்பியது. ரிஷபம் சற்றுத் தயங்கி வந்து சேர்ந்தது. கம்ப்யூட்டரில் அதே இடத்தைப் போட்டுக் காட்டினார். தயக்கத்தைத் தப்பு என்று திருத்திவிட்டிருந்தார்.

"உளியில் ஒரு வெட்டு அதிகமாய்ப் போனால் என்ன செய்வீர்கள், தம்பி?" என்று கேட்டேன்.

"என்ன செய்ய? அந்த வெட்டை வைத்துத்தான் மேலே செதுக்க வேண்டும்."

வாத்தியம் பழையதாக வாங்கியது, கடன் வாங்கிய பணத்தில். அதை விற்றால்தான் கடன் தீரும். விற்றால் என்ன, மிடி இருக்கிறது, கம்ப்யூட்டரிலுள்ள வேறு எந்த வாத்தியமும் அதை வாசித்துவிடும் என்பது அவர் தைரியம். வாசிக்கும்தான், அதன் சொந்தக் குரலில். இந்த வாத்தியத்தில் இவர் குமிழைத் திருகிக் கண்டுபிடித்த அந்த அடைத்த குரல், நாதஸ்வரமும் அல்லாமல் புல்லாங்குழலும் அல்லாமல் நடுவில் நிற்பது, வாங்குகிறவரோடு வண்டியேறிப் போய்விடும். அகமதாபாத் டேப் கதையைச் சொன்னேன். வெகு நேரம் பேசாமல் இருந்தார்.

பிறகு நடந்தது வெறும் வேலை. இடம், வலம் இரண்டு கம்பியையும் செருகினார். இரைச்சல் கேட்டது, வாத்தியத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒரே பலகையிலிருந்து மின்சாரம் எடுத்ததும் அடங்கிற்று. அளவு முள் சிவப்பைத் தொடாமல், உரத்த இடத்திலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும்படி வைத்துக்கொண்டார். சிவப்பில் நசுங்கிய ஒலியைப் பின்னால் நிமிர்த்த முடியாது. கடைசி ஸ்வரம் முழுக்கத் தேய்ந்து அடங்கும் வரை பதிவை நிறுத்தவில்லை.

அன்று மூன்று உருப்படிகள் ஒலியாகவே பதிவாயின. ஹிந்தோளம் இப்போது கேட்கும்படி இருக்கிறது. மோகனத்தில் நடுவே ஒரு பிசிறு உண்டு, இருக்கட்டும் என்று விட்டார். சஹானா இன்னும் அவருக்குத் திருப்தியாகவில்லையாம். வாத்தியத்தை விற்கும் நாள் தள்ளிப் போயிருக்கிறது என்று கேள்வி.