கோடிட்ட இடத்தை நிரப்பிட்டா ஏடிஸ் புரிஞ்சிடுச்சா?

விமான ஆங்கிலம் கற்றுக்கொள்பவர்களுக்கான பாடங்களில் ஏடிஸ் பதிவை வைத்து ஒரு பயிற்சி கட்டாயம் இருக்கும். பதிவை ஓடவிடுவார்கள். தாளில் ரன்வே, காற்று, பார்வைத்தூரம், மேகம், வெப்பநிலை, க்யூஎன்எச் என்று கோடிட்ட இடங்கள் இருக்கும். காதில் விழுந்ததை நிரப்பணும். பத்துக்கு ஒன்பது வாங்கினால் "லிசனிங் நல்லா இருக்கு" என்று சொல்லிவிடுவார்கள். இந்தப் பயிற்சி அளப்பது புரிதலை இல்லை என்பதுதான் என் வாதம்.

ஏடிஸ் பழக்கமில்லாதவர்களுக்காகச் சுருக்கமாக: விமான நிலையத்தின் அப்போதைய நிலவரத்தை ஒரு பதிவாக்கி, தனி அலைவரிசையில் திரும்பத் திரும்ப ஒலிபரப்புவதுதான் ஏடிஸ். ஒவ்வொரு புதுப் பதிவுக்கும் ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று வரிசையாக ஓர் எழுத்து. விமானி கட்டுப்பாட்டாளரை முதல் தடவை அழைக்கும்போது தன்னிடம் எந்த எழுத்து இருக்கிறது என்று சொல்லிவிடுவார். அதே விவரங்களை இரண்டு பேரும் மறுபடி பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இப்போ பயிற்சிக்கு வருவோம். ஐகாவோ விதிப்படி விவரங்கள் வரும் வரிசை நிலையானது. பெரிய விமான நிலையங்களில் குரலும் இப்போது பெரும்பாலும் கணினிக் குரல்தான். பத்துப் பதிவு கேட்ட மாணவருக்கு எந்த இடத்தில் எந்த எண் வரும் என்பது மனப்பாடம் ஆகிவிடும். அப்புறம் வேண்டியதெல்லாம் ஒன்பது பத்து எண்களைப் பிடிக்கும் காது மட்டும்தான். மதிப்பெண் ஏறும். புரிதல் ஏறியிருக்கணும்னு அவசியமில்லை.

ஒரு உதாரணம். அமெரிக்காவில் அழுத்தத்தை அங்குலப் பாதரசத்தில் சொல்வார்கள்: "ஆல்டிமீட்டர் டூ நைனர் நைனர் டூ", அதாவது 29.92. விமானிகள் பேச்சுவழக்கில் இதைச் சுருக்கி "நைனர் நைனர் டூ" என்றும் சொல்வதுண்டு. உலகின் பெரும்பகுதியில் ஹெக்டோபாஸ்கல்தான் வழக்கம். அங்கே "க்யூஎன்எச் நைனர் நைனர் டூ" என்று வந்தால் அது 992 ஹெக்டோபாஸ்கல். அங்குலக் கணக்கில் 29.29 தான். அமெரிக்கப் பழக்கமுள்ள ஒருவர் அதை 29.92 என்று வைத்துவிட்டால் உயரமானி சுமார் 600 அடி கூட்டிக் காட்டும். தரைக்கு மேலே 1,500 அடியில் இருக்கிறோம் என்று நினைக்கிற விமானம் உண்மையில் 900 அடியில் இருக்கும். விமானிகள் தாங்களாகவே முன்வந்து தவறுகளைத் தெரிவிக்க நாசா நடத்தும் திட்டத்தில் இந்த வகைக் குழப்பம் பதிவாகியிருக்கிறது. கவனிங்க, இங்கே காது எந்தத் தவறும் செய்யவில்லை. மூன்று இலக்கமும் சரி. கோடிட்ட இடத்துக்கு முழு மதிப்பெண்.

அடுத்து சொற்கள். "புரோக்கன்" என்று கேட்டதும் நம்ம ஆள் "உடைஞ்ச மேகம்" என்று மொழிபெயர்த்து, வானம் பெரும்பாலும் திறந்திருக்கு என்று நினைப்பார். உண்மை நேர்மாறு. வானத்தை எட்டுப் பங்காக்கினால் ஐந்து முதல் ஏழு பங்கு மூடியிருப்பதுதான் புரோக்கன். மூன்று நான்கு பங்கு என்றால் ஸ்கேட்டர்டு. சீலிங் என்பது புரோக்கன் அல்லது ஓவர்காஸ்ட் அடுக்குகளில் கீழே இருப்பதன் அடிமட்ட உயரம். ஸ்கேட்டர்டு அதில் சேராது. எழுத்துக்கூட்டிச் சரியாக எழுதுகிற மாணவரிடம் "அப்போ சீலிங் எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்க, தெரிந்துவிடும்.

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், சொல்லாமல் விடுவது. அமெரிக்க ஏடிஸில் சீலிங்கும் பார்வைத்தூரமும் வரவில்லை என்றால், சீலிங் 5,000 அடி அல்லது அதற்கு மேல், பார்வைத்தூரம் 5 மைல் அல்லது அதற்கு மேல் என்று பொருள். மௌனமே ஒரு தகவல். தாளில் அந்த இடம் காலியாக இருக்கும். விடைத்தாள் "தரப்படவில்லை" என்று சொல்லும். தரப்பட்டிருக்கிறதே ஐயா!

பதிவை ஒரே தடவைதான் போடுவேன் என்கிற கண்டிப்பும் எனக்கு ஏற்பில்லை. ஏடிஸ் சுழன்றுகொண்டே இருப்பது. விட்டதை அடுத்த சுற்றில் பிடிக்கலாம். நிஜமான கஷ்டம் வேறு: ஒரு ரேடியோவில் ஏடிஸ் ஓடும், இன்னொன்றில் கட்டுப்பாட்டாளர் நம்மைக் கூப்பிடுவார், கை விமானத்தை ஓட்டிக்கொண்டிருக்கும். அதைத்தான் வகுப்பில் உருவாக்கணும். ஏடிஸைப் போட்டுவிட்டு நடுவில் ஆசிரியரே கட்டுப்பாட்டாளராக ஒரு உத்தரவு கொடுக்கலாம், செலவே கிடையாது.

"இப்போதான் டேட்டா லிங்க்கில் எழுத்தாகவே வருதே, எதுக்குக் கேட்கணும்?" என்று சிலர் கேட்பார்கள். பெரிய ஜெட்டுக்கு அது சரி. பயிற்சி மாணவர் ஓட்டும் சின்ன விமானங்களில் பெரும்பாலும் அந்த வசதி கிடையாது. மொழி கற்கும் கட்டத்தில் இருப்பவரும் அவர்தான்.

நிரப்பும் பயிற்சியே வேண்டாம் என்று சொல்லவில்லை. சுருக்கெழுத்துப் பழக அது வேணும், முதல் இரண்டு வாரம். அதற்குப் பிறகு ஒரே விமான நிலையத்தின் அடுத்தடுத்த இரண்டு பதிவுகளைக் கொடுத்து, கிலோவுக்கும் லீமாவுக்கும் நடுவில் என்ன மாறியது, அதனால் நீ என்ன செய்வாய் என்று கேட்கணும். காற்று மேற்கிலிருந்து கிழக்குக்குத் திரும்பியிருந்தால் ரன்வேயும் மாறியிருக்கும், அணுகும் திட்டமும் மாறும். இன்னொன்று, ஏடிஸ் ஒருவழிப் பேச்சு. அதனிடம் திருப்பிக் கேட்க முடியாது. ஆனால் ஐகாவோவின் மொழித்திறன் அளவுகோலில் நான்காம் நிலைக்குத் தெளிவுபடுத்திக் கேட்கும் திறனும் தேவை. எனவே ஏடிஸ் பயிற்சி கட்டுப்பாட்டாளரிடம் பேசும் முதல் அழைப்பு வரை போகணும், "க்யூஎன்எச் ஹெக்டோபாஸ்கல்தானே?" என்று கேட்பது வரைக்கும்.

பதிவுக்கு எங்கே போவது என்பவர்களுக்கு: அமெரிக்காவில் பல விமான நிலையங்களின் தானியங்கி வானிலை ஒலிபரப்பைத் தொலைபேசியிலேயே கேட்கலாம், எண்கள் வெளியிடப்பட்டவைதான். இது ஏடிஸ் இல்லை, ரன்வே விவரம் வராது. ஆனாலும் ஒரு மணி நேர இடைவெளியில் ஒரே எண்ணுக்கு இரண்டு தடவை அடித்தால் ஒப்பிட ஒரு ஜோடி கிடைத்துவிடும். ஐஎஸ்டி கட்டணத்தை மட்டும் பார்த்துக்கோங்க.