பிரிப்பதும் பூட்டுவதும்

அல்லிநகரத்தில் ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரர்களோடு உட்கார்ந்தால், சண்டைக் கதைகளைவிட எனக்குப் பிடித்தது ‘கோல்னா-ஜோட்னா’, அதாவது பிரிப்பது-பூட்டுவது பற்றிய பேச்சுதான். வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்துக்குப் போகும் பையன், சுடுவதற்கு முன்னால் துப்பாக்கியைப் பிரித்துப் பூட்டக் கற்கிறான்.

முதல் பாடம் மாறாது: மேகசினைக் கழற்று, உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணால் பார். பிறகு மேல்மூடி, சுருள்வில், பிஸ்டன், போல்ட். கழற்றிய வரிசையிலேயே தரையில் அடுக்கி, கடைசியாகக் கழற்றியதை முதலில் மாட்ட வேண்டும். கை பழகியதும் கண்ணைக் கட்டிவிடுவார்கள். இருட்டில் துப்பாக்கி சிக்கிக்கொண்டால் விரல்களை மட்டுமே நம்ப முடியும்.

பட்டாளத்தின் இன்சாஸ் ரைபிளுக்குள் நடப்பது அழகு. சுட்டதும், குழலில் இருக்கும் சிறு துளை வழியே வெடிவாயு கொஞ்சம் மேலேறிப் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும். போல்ட் சற்றே திரும்ப, பூட்டு விடுபடும். காலி உறை வெளியே தெறிக்கும். சுருள்வில் முன்னால் தள்ள, அடுத்த தோட்டா அறைக்குள் ஏறும். கண் இமைப்பதற்குள் முடிகிற இதை, நல்ல உஸ்தாத் (பயிற்சியாளர்) கையால் மெல்ல இழுத்து, ஒவ்வோர் அசைவிலும் நிறுத்திக் காட்டுவார். வாயுத் துளையில் கரி அடைத்தால் பிஸ்டன் முழுத் தூரம் போகாது, உறை சிக்கும் என்பது அப்போதுதான் உறைக்கும். காரணம் தெரிந்தவன் அதட்டாமலே துடைப்பான். பாகங்களின் பெயரை ஒப்பிக்கவைப்பதைவிட இதுவே உயர்ந்த பாடம்.

இந்த 5.56 மி.மீ. ரைபிள் தயாரான இடங்களில் ஒன்று, 1966-இல் தொடங்கிய திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை.