பந்தியும் பலகையும்

யாரோடு அமர்ந்து உண்பது, யார் சமைத்ததை உண்பது, யார் கண்ணில் படாமல் உண்பது என்று கேட்டுக் கேட்டே மனிதனை மனிதனிடமிருந்து பிரித்து வைத்த நாடு இது. பசி எல்லோர்க்கும் ஒன்று, பந்திதான் பல. அப்படிப்பட்ட நாட்டின் பெருநகரமொன்றில், திறந்த திடலில், ஆயிரமாயிரம் பேர் தோளோடு தோள் உரச நின்று உண்ணும் விழா நடக்கிறதென்றால், அதை நாவின் நமைச்சலுக்கு நடத்தும் கேளிக்கை என்று ஒதுக்கிவிடுதல் தகுமோ? பாட்டையும் கதையையும் நாடகத்தையும் எடைபோடுவது போலவே இதனையும் எடைபோட வேண்டும் என்பது நமது கருத்து.

கத்திரி வெயில் காயும் நாளொன்றில், சென்னையில் நடந்த அத்தகைய உணவுத் திருவிழாவுக்குச் சென்றோம். மாலை மயங்கியும் மண்ணின் அனல் தணியவில்லை. நுழைவாயிலில் நெரிசல், உள்ளே அதனினும் நெரிசல். ஒரு பக்கம் கொத்துப் புரோட்டாவின் தாளம்; மறுபக்கம் பிரியாணி அண்டாவின் ஆவி; நடுவே கம்பங்கூழும் மோர் மிளகாயும். பர்தா அணிந்த தாய் பிள்ளைக்குப் பணியாரம் ஊட்டுகிறாள். பக்கத்திலேயே நெற்றியில் நீறு பூசிய பெரியவர் பதநீர் பருகுகிறார். கல்லூரி மாணவர் கூட்டம் ஒரே தட்டில் ஐந்து கை வைக்கிறது. யார் எவர் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க நேரமும் இல்லை, நிற்க இடமும் இல்லை!

“இதென்ன கூட்டம், இதென்ன கூச்சல்” என்று முகஞ் சுளிப்போர் உண்டு. அவர்கட்கு நாம் சொல்வோம்: இந்த நெரிசலுக்கு ஒரு வரலாறு உண்டு.

1922இல் தொடங்கப்பெற்ற சேரன்மாதேவி குருகுலத்தில், நாட்டு விடுதலைக்கென்று திரட்டிய பணத்தில், பார்ப்பனப் பிள்ளைகட்குத் தனிப்பந்தி போடப்பட்டது. பெரியாரும் வரதராசுலு நாயுடுவும் எதிர்த்துக் குரல் எழுப்பினர். அந்தப் பந்தி கிளப்பிய புயல் நாட்டின் அரசியலையே திசை திருப்பிற்று. இரயில் நிலைய உணவு விடுதிகளில் ‘பிராமணாள்’, ‘இதராள்’ என்று பிரித்து வைத்திருந்த முறை 1941இல்தான் ஒழிந்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15ஆம் விதி, கடைகளிலும் உணவு விடுதிகளிலும் சாதி மதம் கூறி எவரையும் தடுக்கலாகாது என்றது. அதன் பின்னரும், 1957இல், திருவல்லிக்கேணி உணவு விடுதி ஒன்றின் ‘பிராமணாள்’ பெயர்ப்பலகையை அகற்றத் தொண்டர்கள் நாள்தோறும் மறியல் செய்து சிறைபுக வேண்டியிருந்தது. அதே 1957க்கும் இன்றைக்கும் இடையே சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை இருந்த கதையை யார் மறப்பர்? அந்தப் பழமைக்கு எதிரே வைத்துப் பார்த்தால், திடலில் ஒருவர் முழங்கை மற்றவர் மீது இடிப்பது இடையூறன்று, ஈட்டிய உரிமை.

இது புதிய பழக்கமும் அன்று. மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சியைப் புரட்டிப் பாருங்கள். மதுரைக் கடைத்தெருவில் பலாச்சுளையும் மாங்கனியும் கீரையும் கிழங்கும் இனிப்பும் ஊன்சோறும் அடுத்தடுத்து விற்கக் காண்கிறோம். ஊன்சோற்றைத் திரைபோட்டு மறைத்ததாகப் புலவர் பாடவில்லை.

ஆனால், நாம் சென்ற விழாவில் ஒன்று குறைந்தது. ஆட்டிறைச்சி இருந்தது, கோழி இருந்தது, காடையும் நண்டும் இறாலும் இருந்தன. மாட்டிறைச்சியைக் காணோம்! புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் உழைத்துக் களைத்தவன் மாலையில் வாங்கி உண்ணும் வறுவல், நகரத்தின் உணவு என்று நடத்தும் விழாவில் இல்லை. மாட்டிறைச்சியை உண்பவர் இந்நகரத்தில் இல்லையோ? அகநானூறு ஆ உண்ட மழவரைப் பேசுகிறது, அச்சமின்றிப் பேசுகிறது. ஈராயிரம் ஆண்டுக்கு முன்னைப் புலவர்க்கு இருந்த நேர்மை, ஒலிபெருக்கி கட்டிய நமக்கு இல்லையோ?

இது ஒரு விழாவின் குறை மட்டுமன்று. 2022 மே திங்களில் ஆம்பூரில் நடக்கவிருந்த பிரியாணித் திருவிழாவில் மாட்டிறைச்சிப் பிரியாணி விலக்கப்பட்டது. எதிர்ப்பு எழுந்தது, மழையைக் காரணங்காட்டி விழா தள்ளிவைக்கப்பட்டது, ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் மாவட்ட ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னைத் தீவுத்திடலில் அரசு சார்பில் மூன்று நாள் உணவுத் திருவிழா நடந்தது. அங்கும் முதலில் மாட்டிறைச்சிக் கடை இல்லை. கண்டனம் எழுந்தபின் இடம் தரப்பட்டது. யாரும் விண்ணப்பிக்கவில்லை என்பது அன்று கூறப்பட்ட விளக்கம். இருக்கலாம். ஆனால், ஏன் விண்ணப்பிக்கவில்லை என்று கேட்க வேண்டாமா? விருந்துக்கு நம்மை அழைக்கமாட்டார்கள் என்று காலங்காலமாய்க் கற்றவன், அழைப்பிதழ் வாசலில் கிடந்தாலும் குனிந்து எடுக்கமாட்டான். அவனைத் தேடிச் சென்று அழைப்பதே அரசின் கடன்.

“சைவர் மனம் புண்படுமே” என்பர் சிலர். மரக்கறி உண்பது அவரவர் விருப்பம், அதனை மதிக்கிறோம். அவர்கட்குத் தனிக் கரண்டியும் தனி அடுப்பும் தனி வரிசையும் அமைப்பதில் நமக்குத் தடையில்லை. ஆட்டின் எலும்பு கண்டு புண்படாத மனம் மாட்டின் எலும்பு கண்டு மட்டும் புண்படுமாயின், அந்தப் புண் உணவால் வந்ததன்று. உண்பவன் மீதுள்ள இழிவெண்ணத்தால் வந்தது. அதற்கு மருந்து வேறு.

அடுத்து, பலகைகளின் மொழி. கடைக்குக் கடை படித்துக்கொண்டே சென்றோம். ‘உயர்தர சைவம்’, ‘சுத்த சைவம்’ என்று எத்தனை பலகைகள்! ‘உயர்தர அசைவம்’ என்றோ ‘சுத்த அசைவம்’ என்றோ ஒன்றேனும் உண்டா? இல்லை. சைவம் உயர்ந்தது என்றால் தாழ்ந்தது எது? சைவம் சுத்தம் என்றால் அசுத்தம் எது? ‘அசைவம்’ என்னும் சொல்லே, ஒருவன் எதை உண்கிறான் என்று சொல்லாமல், எதுவாக அவன் இல்லை என்று சொல்லுகிறது. ‘பிராமணாள்’ என்ற எழுத்து அழிந்தது. அந்த எழுத்தில் இருந்த எண்ணம் ‘உயர்தர’ என்ற புது உடை உடுத்தி உலவுகிறது. மரக்கறி உணவு, புலால் உணவு என்று தமிழில் நேராக எழுதினால் நாக்கு கசக்குமோ?

‘பாரம்பரியம்’ என்னும் மற்றொரு சொல்லும் அங்கே மலிவு. மிளகாய்ச் சட்டினிக்கு மேலேயும் அந்தப் பலகை. உருளைக்கிழங்கு மசாலுக்கு மேலேயும் அந்தப் பலகை! மிளகாயும் உருளையும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, ஐரோப்பியர் கப்பலேறி, இங்கு வந்தவை. மிளகாய் வருமுன் நம் முன்னோர்க்குக் காரம் தந்தது மிளகு. வந்ததை ஏற்று நமதாக்கிக் கொண்டோம். அதில் நாணம் இல்லை. ‘தூய மரபு’ என்று பொய் பேசுவதில்தான் நாணம் வேண்டும். அத்தோ விற்ற கடையில் கூட்டம் அலைமோதிற்று. பர்மாவில் 1960களில் தொழிலும் கடையும் நாட்டுடைமையானபோது, வாழ்வு இழந்து கப்பலேறித் திரும்பிய தமிழர் கொண்டுவந்த உணவு அது. பாரிமுனையை அடுத்த சாலையோரங்களில் வண்டி வைத்துப் பிழைத்தவர் அவர்கள். பலகையில் அந்த வரலாற்றுக்கு ஒரு வரி இல்லை. சுவைத்துச் சென்றவர் எத்தனை பேர் அந்தக் கண்ணீரை அறிவர்?

விலையைப் பற்றி விரித்துரைக்க வேண்டா. ஒரு சிறு தட்டின் விலை, கூலிக்காரக் குடும்பத்தின் ஒருவேளை அடுப்புச் செலவை விழுங்கும். வேலிக்கு வெளியே நின்று மணத்தை மட்டும் நுகர்ந்த சிறுவர்களைக் கண்டோம். உள்ளே பாதி உண்டு எறிந்த தட்டுகள் மலைபோல் குவிந்தன. அவற்றை அள்ளிய துப்புரவுப் பெண்கள் இரவு வெகுநேரம் வரை உண்ணவில்லை. ஊரே உண்டு மகிழ்ந்த இடத்தில், ஊரைத் துப்புரவாக்கியவள் வயிறு காயலாமா? 1920இல் ஆயிரம்விளக்குப் பள்ளிப் பிள்ளைகட்கு மதிய உணவு அளித்த மாநகரம் இது. 2013இல் ஒரு ரூபாய்க்கு இட்டிலி தரத் தொடங்கிய மாநகரம் இது. இங்குள்ள விழாவில் ஏழைக்கு எட்டும் விலையில் ஒரு வரிசை வைப்பது எட்டாக் கனியா?

எனவே, விழா வேண்டா என்று நாம் கூறவில்லை. விழா வளர வேண்டும் என்கிறோம். மக்கள் உண்ணும் உணவனைத்துக்கும் இடம் தருக. தள்ளுவண்டிக்காரரைத் தேடிச் சென்று அழைத்து, வாடகையின்றிக் கடை தருக. ‘உயர்தர’மும் ‘சுத்த’மும் பலகையை விட்டு நீங்குக. ஒவ்வோர் உணவுக்கும் அதைப் படைத்த மக்களின் கதையை இரண்டு வரியில் எழுதி வைக்க. துப்புரவுத் தொழிலாளர்க்கு முதற்பந்தி போடுக.

மதில் கட்டிப் பிரித்த மக்களைப் பசி ஒரு திடலில் கூட்டியிருக்கிறது. கூடியவர்களுள் ஒருவன் தட்டைக் கூட மறைத்து உண்ண வேண்டிய நிலை இல்லாத நாளே, அதனைச் சமபந்தி என்று நாம் அழைக்கும் நாள்.