பத்து மணி பத்து நிமிடம்

கைக்கடிகார ஆர்வலர்கள் எடுக்கும் படங்களுக்கு எழுதப்படாத ஓர் இலக்கணம் உண்டு. சட்டைக்கை சற்றே மேலேறிய ஓர் ஆணின் மணிக்கட்டு, முகப்பில் 10:10. முட்கள் இப்படி விரிந்து நின்றால், பன்னிரண்டுக்குக் கீழே உள்ள நிறுவனத்தின் பெயர் மறையாது. விளம்பரங்கள் பழக்கிய இந்த நிலையை ரசிகர்களும் கலையாகத் தொடர்கிறார்கள்.

முதல் உலகப்போருக்கு முன், கைக்கடிகாரம் பெரும்பாலும் பெண்களின் நகையாகவே கருதப்பட்டது. இன்றைய படங்களில் அந்த மணிக்கட்டு அரிதாகிவிட்டது. அதைவிட என்னை உறுத்துவது, முகப்பைச் செய்த பெண்ணும் காணாமல் போவதுதான்.

சுவிட்சர்லாந்தின் எனாமல் கலைஞர் அனிட்டா போர்ஷே, பத்தேக் ஃபிலிப் போன்ற நிறுவனங்களுக்கு முகப்புகள் தீட்டியவர். கண்ணாடித் தூளைக் குழைத்து, மெல்லிய தூரிகையால் இட்டு, ஏறக்குறைய 800 டிகிரி சூட்டில் சுட வேண்டும். பூச்சுக்குப் பூச்சு மறுபடியும் சூளை. கடைசிச் சூட்டில் விரிசல் விழுந்தாலும் அத்தனை உழைப்பும் வீண். 2017இல் ஜெனீவாவின் கடிகார விருது விழாவில், நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு அவருக்கும் மூத்த கலைஞர் சூசான் ரோருக்கும் கிடைத்தது.

போர்ஷே தன் முகப்புகளில் பெயரின் இரண்டு முதலெழுத்துகளைச் சிறிதாக இடுவதுண்டு. திருகாணியின் மெருகைக்கூடக் காட்டும் மேக்ரோ லென்ஸுக்கு அந்த எழுத்துகள் எட்டாதவை அல்ல. மாடல் எண்ணையும் விலையையும் படக்குறிப்பில் எழுதுகிறவர்கள், முகப்பைத் தீட்டியவரின் பெயரையும் எழுத வேண்டும் என்கிறேன்.